சமய இல்லங்களில் குழந்தைகள்: பக்தி யாருடைய பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமய நிறுவனங்கள் நடத்தும் குழந்தைகள் இல்லங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளிவந்த இரண்டு கடிதங்களைப் படித்தேன். மதத்தின் பெயரால் நடக்கும் இல்லங்கள் அனைத்தையும் மூடிவிட்டுப் பிள்ளைகளை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கெட்டுப்போன பிள்ளைகளைக் கடவுள் பயம் ஒன்றுதான் திருத்தும் என்று மற்றவர் எழுதியிருந்தார். இருவரும் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இருவருமே அப்படிப்பட்ட இல்லம் ஒன்றில் ஓர் இரவாவது இருந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

நான் தென் மாவட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கு அடுத்த தெருவில் கன்னியர் நடத்திய இல்லம் ஒன்று இருந்தது. அதனால் ஆண்டுதோறும் பதினைந்து இருபது ‘ஹோம் பிள்ளைகள்’ எங்கள் வகுப்பறைகளில் இருப்பார்கள். ஓய்வுக்குப் பின் மூன்றாண்டுகள், பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராகவும் இருந்தேன். இங்கே நான் குறிப்பிடப்போகும் பிள்ளைகளின் பெயரையோ ஊரையோ சொல்ல மாட்டேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவில் அதைத் தடுத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அந்த இல்லத்துக்கு வந்தான். தகப்பன் தாயைக் கொன்றுவிட்டுச் சிறையில் இருந்தார்; அது நடந்தபோது பையனும் அதே வீட்டில் இருந்தான். வந்த முதல் வாரத்திலேயே அவனைப் பற்றி எங்கள் பள்ளியில் மூன்று புகார்கள் எழுந்தன. பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்காமலேயே அடித்துவிடுவான். மதிய உணவு முட்டையைச் சாப்பிடாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வான். மூன்றாவது, வகுப்பில் கடைசி வரிசைச் சுவரோரத்தைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டான் என்பது. அடங்காப்பிடாரி என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் சொன்னார். அப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இல்லத்தில் அவன் நிலைமை இன்னும் மோசம். சோற்றையும் இட்லியையும் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பான். எறும்பு வந்து பக்கத்துப் படுக்கைப் பிள்ளைகளையும் கடிக்கும். ஒளித்ததை எடுக்கப்போன சகோதரியின் கையை ஒரு முறை பல் பதியக் கடித்துவிட்டான். மறுநாளிலிருந்து அந்தச் சகோதரி இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சிறிய தூக்குவாளியில் இரண்டு இட்லியும் கொஞ்சம் பொடியும் வைத்து, அவன் பார்க்கும்படியாக அவன் தலைமாட்டில் வைத்துவிடுவார். காலையில் அது அப்படியே இருந்தாலும், அன்றிரவு மறுபடியும் புதிதாக வைப்பார். ஏறக்குறைய நான்கு மாதங்கள் இப்படி நடந்தது. ஒரு நாள் பையன் தானாகவே வாளியைக் கழுவிச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அதன் பிறகு தலையணைக்கு அடியில் எறும்பு வரவில்லை.

மாலை ஏழு மணிக்கு இல்லத்தில் ஜெபம் நடக்கும். பையன் அந்தக் கூடத்துக்குள் நுழைய மாட்டான். அவன் இந்துக் குடும்பத்துப் பிள்ளை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மூடிய அறைக்குள், முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, கண்ணை மூடிக்கொள் என்று சொன்னால் அவனால் எப்படி முடியும்? யாரும் அவனை வற்புறுத்தவில்லை. வாசல் படியில், காவலாளித் தாத்தாவோடு உட்கார்ந்திருப்பான். அந்தத் தாத்தா நெற்றி நிறையத் திருநீறு பூசும் முருக பக்தர். உள்ளே கன்னியர் பாடும் பாட்டுக்கு வெளியே இவர் தொடையில் தாளம் போடுவார். ஓராண்டுக்கும் மேல் பையன் அந்தப் படியில்தான் இருந்தான். பின்னர் ஒரு நாள் ஜெப மணி அடிக்கும் வேலை தனக்கு வேண்டும் என்று கேட்டான், கொடுத்தார்கள். மணி அடித்துவிட்டு மறுபடி படிக்கே வந்துவிடுவான். அவன் கிறிஸ்தவனாகவில்லை, ஆகச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அந்தப் பையன் முழுவதும் குணமாகிவிட்டான் என்று நான் எழுதமாட்டேன். வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அவன் உணவகத்தில் சுவரோர மேசையைத்தான் தேடுவான். ஆனால் அவன் யாரையும் அடிப்பதில்லை, தூங்குகிறான், சிரிக்கிறான். அந்தச் சகோதரியிடம் நான் ஒரு முறை, எப்படிப் பொறுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “அவன் கடிச்ச அன்னைக்கு நானும் அழுதேன் டீச்சர். ராத்திரி பூரா ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன். காலையில எழுந்து இட்லி அவிக்கணுமே” என்றார்.

நான் எழுத வந்த விஷயம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. அந்த இல்லத்தில் பக்தி வேலை செய்தது என்பது உண்மை. ஆனால் அது பையனுக்கு ஊட்டிய மருந்தாக வேலை செய்யவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டவருக்கு அது வலுவாக இருந்தது. சண்டை போட ஓர் ஆண்டவர் இருந்ததால் அவர் பையனோடு சண்டை போட வேண்டியிருக்கவில்லை. சமய இல்லங்களில் பக்தியின் சுமை எப்போதும் பெரியவர்களின் தோளிலேயே இருக்க வேண்டும். அது பிள்ளையின் தோளுக்கு மாறும் இடத்தில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

அரசு இல்லங்களில் நல்ல மனிதர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2004 ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் வளர்த்து ஆளாக்கியதைத் தமிழ்நாடு அறியும். ஆனால் அரசு இல்லப் பணியாளர்களில் பலர் தொகுப்பூதியத்தில், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். நான் குழுவில் இருந்த காலத்தில் ஓர் இல்லத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் இல்லத் தாய் நான்கு முறை மாறினார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாங்கும் சம்பளத்தில் அவர்கள் தங்கள் பிள்ளைகளையும் வளர்க்க வேண்டும். எனினும், ஒருவரை நம்பி ஏமாந்த பிள்ளை, வருபவர்களை எண்ணுவதில்லை, போனவர்களைத்தான் எண்ணுகிறது. ஐந்தாவதாக வருபவர் எவ்வளவு அன்பாக இருந்தாலும் அது அவரோடு பேசுவதில்லை.

இருபது முப்பது ஆண்டுகள் ஒரே இடத்தில் இருக்கும் ஆட்கள் என்பது சமய இல்லங்களிடம் இருக்கும் பெரிய செல்வம். திருநெல்வேலி மாவட்டத்தில், களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் டோனாவூரை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1901-இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமி ஒருத்திக்கு அடைக்கலம் கொடுத்ததிலிருந்து அங்கே பிள்ளை வளர்ப்பு தொடங்கியது. அவர் 1951-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். நான் கவனித்தது வேறொன்று. அங்கே பிள்ளைகளைச் சிறு சிறு வீடுகளில் வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெண்ணைப் பொறுப்பாக்கினார்கள்; அவர்களை ‘அக்காள்’ என்றும், ஆண் பணியாளர்களை ‘அண்ணாச்சி’ என்றும் நம் பக்கத்து உறவுமுறையிலேயே அழைத்தார்கள். பிறந்த நாள் தெரியாத பிள்ளைகள் பலர் இருந்ததால், ஒவ்வொருவரும் அங்கு வந்து சேர்ந்த நாளை ‘வந்த நாள்’ என்று கொண்டாடினார்கள். கைவிடப்பட்ட நாளாக நினைவில் தங்கியிருக்கக்கூடிய ஒரு தேதியைப் பலகாரம் செய்து கொண்டாடும் நாளாக மாற்றியதை எந்த மனநல மருத்துவரும் பாராட்டுவார் என்றே நினைக்கிறேன்.

அதே டோனாவூரில் பிள்ளைகள் எல்லோரும் கிறிஸ்தவர்களாகவே வளர்க்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அது இயல்பாகத் தோன்றியிருக்கலாம். இன்றைய சட்டத்துக்கும் இன்றைய நியாயத்துக்கும் அது பொருந்தாது.

சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் 1905-இல் ஏழு பையன்களோடு தொடங்கியது. சுவாமி இராமகிருஷ்ணானந்தர் வழிகாட்ட, இராமசாமி ஐயங்காரும் இராமானுஜாச்சாரியாரும் நடத்தினார்கள். வீடு வீடாகப் போய்க் கையேந்தித்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். மறு ஆண்டு, 1906-இல், சலேசிய சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் இந்தியாவில் முதன்முதலாகப் பணி தொடங்கிய ஊர் நம் தஞ்சாவூர். அங்கே அவர்கள் ஏற்ற பணிகளில் ஒன்று ஓர் அநாதை விடுதி. அந்தச் சபையை நிறுவிய தொன் போஸ்கோ இத்தாலியின் தூரின் நகரத் தெருப் பையன்களோடு வாழ்ந்தவர். தண்டித்துத் திருத்துவதைவிடத் தவறு நேராதபடி கூடவே இருப்பதுதான் முறை என்று 1877-இல் எழுதினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று 1884-இல் தம் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் வலியுறுத்தினார். யத்தீம்கானா என்னும் அநாதை இல்லங்களை நடத்தும் இஸ்லாமியப் பெரியவர்களைக் கேட்டால், அநாதையிடம் கடுமை காட்டாதே என்ற திருக்குர்ஆன் கட்டளையையும், நபிகளாரே பெற்றோரை இழந்து வளர்ந்தவர் என்பதையும் சொல்வார்கள். வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. தலையணைக்கு அடியில் இட்லி ஒளிக்கும் பிள்ளைக்கு முதலில் தேவை அந்த அடுப்புத்தான். உபதேசத்தை அது பிறகு கேட்டுக்கொள்ளும், கேட்காமலும் போகும்.

இதுவரை எழுதியதைப் படித்து இரண்டாவது கடிதம் எழுதிய அன்பர் மகிழ்ந்திருக்கக்கூடும். அவருக்காக இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, உறவினர் ஒருவரால் நெடுநாள் பாலியல் கொடுமைக்கு ஆளானவள், குழுவுக்குத் தெரிவிக்கப்படாமலே ஓர் இல்லத்தில் சேர்க்கப்பட்டிருந்தாள். இரவில் அலறி எழுவாள். சில நேரம் யார் கூப்பிட்டாலும் கேட்காமல் ஒரே இடத்தை வெறித்துக்கொண்டிருப்பாள். அந்த இல்லத்தை நடத்தியவர் அது பிசாசின் பிடி என்று முடிவு செய்தார். மூன்று நாள் உபவாசம் இருக்க வைத்தார்கள். இரவெல்லாம் முழங்காலில் நிற்க வைத்தார்கள். இறுதியில், கூட்டத்தின் நடுவே நின்று, தன்னைக் கெடுத்தவனை மன்னித்துவிட்டதாகச் சொல்லும்படி அவளைக் கேட்டார்கள். அவளும் சொன்னாள். சொல்லிவிட்ட அன்றிரவு பிளேடால் கையைக் கிழித்துக்கொண்டாள். மருத்துவமனையிலிருந்து தகவல் வந்த பிறகுதான் எங்களுக்கே அவளைத் தெரியும்.

அந்த இல்லத்தை நடத்தியவர் கொடியவர் அல்லர். அவரும் அந்த மூன்று நாட்கள் சாப்பிடவில்லை என்று பின்னர் அறிந்தேன். ஆனால் தம்மால் தாங்க முடியாத ஒன்றைப் பிள்ளையின் தலையில் இறக்கிவைத்துவிட்டார். அவள் அலறியபோது அவருக்கு வந்த பயத்தை அவளுடைய பாவமாகவும் அவளுக்குப் பிடித்த பேயாகவும் பெயர் மாற்றிக்கொண்டார். நடந்த குற்றத்தைக் காவல் துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டியது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அவர் கடமை. அதை விட்டுவிட்டு மன்னிப்பை வாங்கிக்கொடுத்தார். மன்னிப்பு என்பது காயம்பட்டவர் தாமாக, தமக்கு வேண்டிய காலத்தில் கொடுப்பது. அதைக் கெடு வைத்து வசூலிக்கும் உரிமை எந்தச் சமயத்தின் குருவுக்கும் கிடையாது. இல்லங்களில் உடல்ரீதியான தண்டனையை இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-ஆம் பிரிவு தடுக்கிறது. பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைக்கு உள்ளாக்கும் இல்லப் பணியாளருக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்கிறது 75-ஆம் பிரிவு. முழங்கால் போட வைப்பதை ஜெபம் என்று அழைத்துவிட்டால் அது தண்டனை இல்லை என்று ஆகிவிடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் அவளுக்குச் சிகிச்சை தொடங்கியது. மாத்திரையும் வாரம் ஒரு முறை ஆற்றுப்படுத்துநரோடு (கவுன்சலரோடு) பேச்சுமாகச் சில மாதங்களில் அலறல் குறைந்தது. வேறோர் இல்லத்தில், அதுவும் ஒரு சமய இல்லம்தான், வைத்தோம். இரண்டாண்டு கழித்து அவள் என்னிடம், வேளாங்கண்ணிக்கு ஒரு தடவை கூட்டிப்போங்க டீச்சர் என்றாள். போனோம். அவள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. பிறர் அவளிடமிருந்து பறித்து அவள் மேலேயே பிரயோகித்த பக்தியை அவளே திரும்ப எடுத்துக்கொண்டாள் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

‘ஆற்றுப்படுத்துநர்’ என்ற சொல்லைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. அலுவலகத் தமிழில் எத்தனையோ சொற்கள் வாயில் நுழையாமல் கிடக்க, இது ஒன்று நன்றாக அமைந்துவிட்டது. சங்க இலக்கியத்து ஆற்றுப்படையில், பரிசில் பெற்று வருபவன் எதிரே வறுமையோடு வருபவனுக்கு, இன்ன வழியாகப் போ, இன்னாரிடம் கிடைக்கும் என்று தான் நடந்த வழியைச் சொல்கிறான். இல்லங்களில் வளர்ந்து, படித்து, அதே இல்லத்துக்குப் பணியாளராகத் திரும்பி வந்தவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வந்து மூலையில் சுருண்டு கிடக்கும் பிள்ளை வேறு யாரிடமும் பேசாவிட்டாலும் அவர்களிடம் பேசிவிடும். பட்டம் பெற்ற ஆற்றுப்படுத்துநர் ஒருவரும் இப்படிப்பட்டவர் ஒருவருமாகச் சேர்ந்து வேலை செய்த இல்லங்களே நான் பார்த்தவற்றில் சிறந்தவை.

இனி முதல் கடிதத்தின் வாதத்துக்கு வருகிறேன். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2016-17-இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 9,589 இல்லங்கள் இருந்தன; அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு அரசு சாராதவை. அங்கிருந்த பிள்ளைகள் ஏறத்தாழ 3.7 லட்சம் பேர். சமய நிறுவனங்கள் நாளைக்கே கதவை அடைத்தால் இவர்களில் பலருக்குப் படுக்கை எங்கே என்ற கேள்விக்கு அக்கடிதத்தில் பதில் இல்லை. அதற்காக, எதையும் கேட்காமல் விட்டுவிடலாம் என்றும் ஆகாது. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதைப் பற்றி வெளிவந்த செய்திக் கட்டுரை ஒன்றை ஒட்டித்தான் 2007-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு எழுந்தது. பத்தாண்டுகள் நடந்த அந்த வழக்கில், 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் பி. லோகூரும் தீபக் குப்தாவும், எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும், இல்லங்கள் சமூகத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டார்கள். ஒரு கட்டுரையால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கும் அது சான்று.

பதிவு என்றதும் சில சமய இல்லங்களின் நிர்வாகிகள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் கடவுளுக்குக் கணக்குக் கொடுப்பவர்கள், கலெக்டர் அலுவலகத்துக்கு எதற்கு என்று ஒருவர் என்னிடமே கேட்டார். உதவித்தொகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பதிவு கட்டாயம் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. தவறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்பது 42-ஆம் பிரிவு. சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குபவனின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் தள்ளுவது அவனுக்கு நலம் என்பது அவர் தினமும் கையில் வைத்திருக்கும் பைபிளில் இருப்பது. 42-ஆம் பிரிவு அதைவிட எவ்வளவோ தயவானது என்று அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் விண்ணப்பம் கொடுத்துவிட்டார்.

சமய வழிபாட்டில் பிள்ளை கலந்துகொள்வது பற்றிய சட்டம் இன்னும் தெளிவாக வேண்டும் என்பது என் கருத்து. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் ஒருவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது, வயது வராதவராயின் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு. இல்லத்துப் பிள்ளைக்கு அந்தக் காப்பாளர் யார்? பல இடங்களில் இல்லத்தின் பொறுப்பாளரே காப்பாளர் என்ற இடத்தில் பள்ளிப் படிவங்களில் கையெழுத்திடுகிறார். அதாவது, தாம் கேட்கும் ஒப்புதலைத் தாமே கொடுத்துக்கொள்கிறார். இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, குடும்பத்தை விட்டு வேறிடத்தில் வளரும் பிள்ளையின் சமயம், மொழி, பண்பாடு ஆகியவற்றின் தொடர்ச்சிக்கு உரிய மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே குழந்தைகள் நலக் குழு ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்க்கும் உத்தரவிலேயே, அந்தப் பிள்ளையின் சமயம் எது, அதன் திருநாட்களுக்கு யார் அழைத்துப்போவார், இல்ல வழிபாட்டுக்கு வர விருப்பமில்லாவிட்டால் அந்த நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்ற மூன்றையும் எழுதிவிட வேண்டும். ஓர் ஆசிரமம் நடத்திய இல்லத்தில் முஸ்லிம் சிறுமிகள் இருவர் இருந்தார்கள். ரமலான் மாதத்தில் செயலாளர் பக்கத்துப் பள்ளிவாசலில் பேசி நோன்புக் கஞ்சி வரவழைத்தார். சஹர் சாப்பாட்டுக்காகச் சமையல்காரம்மா நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். சிரமமாக இல்லையா என்றேன். “சுப்ரபாதத்துக்கு எப்படியும் எழுந்திரிக்கிறவதானே, ஒரு அரை மணி முந்தினா என்ன” என்றார். இதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

சமய இல்லங்கள் மனம் வைத்தால் இன்றே நிறுத்திக்கொள்ளக்கூடிய ஒன்றும் உண்டு. ஜூன் மாதம் பிறந்தால், தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கும் பிள்ளைகளை வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டி வரிசையில் கொண்டுவந்து விடுவார்கள். எண்ணிக்கை கூடினால் நன்கொடை கூடும் என்பதால் சில இல்லங்கள் மறுப்பதில்லை. வேறு வழியே இல்லாதபோதுதான் இல்லம் என்பது சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை, வீட்டிலேயே வைத்து வளர்ப்பதற்குக் கிடைக்கிறது. அந்தப் படிவத்தை நிரப்பிக்கொடுத்துத் தாயையும் பிள்ளையையும் ஒன்றாகத் திருப்பி அனுப்பும் வேலையை ஒரு பங்குத் தந்தையோ மடத்து நிர்வாகியோ செய்தால் அதுவும் இறைப்பணிதான். கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, காப்பகத்திலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு, அதுவும் இரண்டு வயதுக்கு முன்பே, மாற்றப்பட்டவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்று காட்டியது. எவ்வளவு புனிதமான தொட்டிலாக இருந்தாலும் வரிசையாகப் போட்ட தொட்டில் குழந்தைக்கு ஆகாது.

இல்லங்கள் மிகவும் தேவைப்படுவது, வீடே காயத்துக்குக் காரணமாகிவிட்ட பெரிய பிள்ளைகளுக்கு. இவர்களுக்குப் பதினெட்டு வயதானதும் கதவு அடைக்கப்படுவதுதான் அரசு முறையின் பலவீனம். இருபத்தொரு வயது வரை பின்பராமரிப்பு உண்டு என்று சட்டம் சொன்னாலும், எத்தனை பேருக்கு அது போய்ச் சேர்கிறது? இந்த ஒன்றில் நல்ல சமய இல்லங்களை மிஞ்ச ஆளில்லை. தலைப்பிரசவத்துக்கு இல்லத்துக்கே வந்த பெண்ணை எனக்குத் தெரியும். ஐந்தாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுபோனவர்கள் கன்னியர்கள். அவர்களில் ஒருவருக்குக் கட்டுச்சோறு என்றால் என்னவென்றே தெரியாது, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். நான் முதலில் சொன்ன பையன் இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறான். எங்கள் ஊர் வழியாகப் போகும்போதெல்லாம் இல்லத்துக்குப் போவான். அந்தச் சகோதரிக்கு இப்போது சர்க்கரை நோய். இட்லி அளவாகத்தான் சாப்பிட வேண்டும் என்று அவரை இவன் அதட்டுகிறான்.

ஆய்வுக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இல்லங்களைப் பார்வையிட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ஆய்வு பகல் பதினொரு மணிக்கு நடக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் இருப்பார்கள். பதிவேடுகள் மட்டும் இல்லத்தில் இருக்கும். தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்திட்டு வந்துவிடுகிறோம். நானும் அப்படி வந்திருக்கிறேன். இனி மாலை ஆறு மணிக்குப் போய், இரவுச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் படுக்கும்வரை இருந்துவிட்டு வாருங்கள். தலையணைகளைத் தூக்கிப் பாருங்கள். வழிபாட்டு மணி அடித்ததும் கூடத்துக்குள் போகாமல் வாசலில் நின்று, உள்ளே போகாத பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)